காத்திருந்தவள்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் நாங்கள் மூவரும் வெனேராவின் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான், மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஜெய்னெப், அவள் கணவன் மிர்லான்.

மலையடி ஊரான காரகோலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அது. ரஷ்யர்கள் கட்டிவிட்டுப் போன மரவீடு. நீல வண்ண ஜன்னல் கதவுகள், பின்னால் ஆப்பிள் மரங்கள், அதற்கும் பின்னால் எப்போதும் போல மலை. வெனேரா தாத்தார் இனத்துப் பெண். அவள் கணவன் ரஷ்யாவில் கஸான் நகரத்தில் வேலை கிடைத்துப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். இவளும் கிளம்ப வேண்டும். "நல்ல மனுஷங்களாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க, மரியம் அக்கா" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தாள்.

உள்ளே நிலக்கரி வாசனையும் ஆப்பிள் வற்றல் வாசனையும் கலந்து கிடந்தன. சமையலறையின் நடுவே சுண்ணாம்பு அடித்த பெரிய கணப்பு அடுப்பு. ஜெய்னெப் அதன் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெனேரா நிலவறையைக் காட்டினாள், வராந்தாவைக் காட்டினாள், எந்த மரம் எப்போது காய்க்கும் என்று சொன்னாள். ஜெய்னெப் எதையும் போய்ப் பார்க்கவில்லை. அடுப்பின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"என்ன, வீட்டோட ஒட்டிக்கிட்டியா?" என்றான் மிர்லான்.

"இந்த அறைக்குக் கதவு இருக்கு" என்றாள் அவள். "சாத்தினா சாத்திக்குது."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில், மிர்லானின் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். வீட்டில் யார் குளிக்கப் போனாலும் இவர்கள் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓரகத்தி ரஹாத் கதவைத் தட்டுகிற வழக்கமே வைத்துக்கொள்ளாதவள். ஜெய்னெப் தன் சொந்தத் தலையணையைக் கூட அடுத்தவர் கண் படாமல் வைத்திருந்ததில்லை.

முன்பணம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் பதிவு முடிந்துவிடும் என்றாள் நோட்டரி.

முடியவில்லை.

வீட்டில் வெனேராவின் கொழுந்தனுக்கும் பங்கு இருந்தது. அவன் வடக்கே எங்கோ சுரங்கத்தில் வேலை பார்த்தான். அங்கிருந்து சம்மதப் பத்திரம் வர வேண்டும். வந்தபோது அவன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. திருப்பி அனுப்பினார்கள். திருத்தி வந்த நேரத்தில் நில அளவைக்காரர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். வரைபடத்தில் வராந்தா இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ கட்டிச் சேர்த்தது.

"வராந்தா இல்லாத வீட்டுக்குத்தான் வரைபடம் இருக்கு. நீங்க வாங்கறது வராந்தா இருக்கற வீடு" என்றாள் நோட்டரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அப்ப அது வேற வீடுதானே?"

"அந்த வராந்தாவ இடிச்சிட்டா?" என்றான் மிர்லான்.

"இடிக்க அனுமதி வாங்கணும்."

அளக்க வேண்டியவர் விடுப்பில் போனார். வந்ததும் அலுவலகத்துக் கணினிகள் படுத்துக்கொண்டன. மிர்லான் ஏரிக்கரை ஊர்களுக்கு வேன் ஓட்டுபவன். பயணிகளிடமெல்லாம் இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தே நாளைக் கடத்தினான். ஜெய்னெப்பால் சிரிக்க முடியவில்லை. வீட்டில் ரஹாத் விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "இவங்க வீடு வாங்கிட்டாங்க, சாவிதான் இன்னும் பொறக்கல" என்று சொல்லுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். இவள் எல்லாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும்.

கடை முடிந்ததும் ஜெய்னெப் அந்தத் தெரு வழியாகப் போக ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்று வீட்டைப் பார்ப்பாள். ஒரு நாள் நானும் கூட நின்றேன். வெனேரா ஏணி போட்டு ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அக்கா, கிளைய எப்படி இழுக்கறா" என்றாள் ஜெய்னெப்.

"அவ மரம், அவ பறிக்கறா."

"எங்க மரம்."

"இன்னும் பதிவாகல, பொண்ணே."

"அவ என் அடுப்புல ஜாம் காய்ச்சறா. ராத்திரி என் அறையில கதவைச் சாத்திட்டுத் தூங்கறா. போகப்போறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவள் கண்ணைப் பார்த்தேன். ஒரு பெண் தன் புருஷனோடு இன்னொருத்தி பேசுவதைப் பார்க்கிற பார்வை அது. அதை ஒரு வீட்டின் மேல் வைத்திருந்தாள்.

அக்டோபரில் குளிர் இறங்கியது. ஒரு காலை வெனேரா மருந்துக்கடைக்கு வந்து, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற ஜெய்னெப்பிடம் கேட்டாள்.

"நேத்து ஏன் சொல்லாமப் போயிட்டீங்க?"

"எங்க?"

"வீட்டுக்கு வந்தீங்களே. அடுப்புக்குப் பக்கத்துல நின்னீங்க. டீ போடட்டுமான்னு கேட்டுட்டுத் திரும்பினேன், காணோம்."

ஜெய்னெப் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் அவளுக்கு விடுமுறை. தலைவலி என்று மாமியார் வீட்டிலேயே படுத்துக் கிடந்ததாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

"நான் வரல" என்றாள்.

வெனேரா சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "வெளிக்கதவு உள்ள தாழ் போட்டிருந்தது" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

அவள் போனதும் ஜெய்னெப் ஆத்திரப்பட்டாள். "விக்கறதுக்கு மனசு மாறிடுச்சு அக்கா. அதான் கதை கட்டறா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அன்று மத்தியானம் அவள் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும்போது விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

சுண்ணாம்பு.

அதற்குப் பிறகு வெனேரா இரண்டு தரம் வந்தாள். ஒவ்வொரு தரமும் முகம் சுருங்கியிருந்தது. பகலில்தான் நடக்கிறது என்றாள். பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரியும். ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனை வரும். திரும்பினால் சில சமயம் ஒன்றும் இருக்காது. சில சமயம் ஜெய்னெப் நிற்பாள்.

"என்ன செய்யறா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யறதில்ல அக்கா. பாக்கறா. நான் எப்ப எழுந்திரிப்பேன்னு பாக்கறா. பஸ்ல உக்காந்திருக்கறவங்க பக்கத்துல நின்னுக்கிட்டு பாப்பாங்களே, அப்படி."

"முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடேன்."

"கஸான்ல வீட்டுக்குப் போட்டாச்சு. எனக்கும் இந்தக் காகிதம் வந்தாத்தான் வழி." அவள் குரல் தாழ்ந்தது. "அவகிட்ட சொல்லுங்க. நான் வேணும்னு உக்காந்திருக்கல. போகத்தான் காத்திட்டிருக்கேன்."

நான் ஜெய்னெப்பிடம் சொன்னேன். அவள் ரசீதுக் கட்டை நேராக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "கட்டிலை ஜன்னலோரமா மாத்திப் போட்டிருக்கா. அங்க போட்டா சுவர் ஈரமாகும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

 எங்கள் இருவருக்கும் நடுவில் திடீரென்று ஆப்பிள் வற்றலின் வாசனை எழுந்தது. மருந்துக்கடையில் அந்த வாசனைக்கு வழியே இல்லை.

நவம்பரில் முதல் பெரிய பனி விழுந்த நாள். அன்று தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து சரக்கு வந்திருந்தது. நானும் ஜெய்னெப்பும் காலையில் கடை திறந்ததிலிருந்து இருட்டும் வரை பெட்டி பிரித்தோம். மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவள் என் கண்ணை விட்டு அகலவே இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் கொஞ்சம் சிரித்தாள்கூட. சுரங்கத்திலிருக்கும் கொழுந்தன் கையெழுத்துப் போட மறந்த பக்கத்தைப் பற்றி மிர்லான் சொன்னதை எனக்கு நடித்துக் காட்டினாள்.

சாயங்காலம் கடையை அடைக்கும்போது செய்தி வந்தது. வெனேரா நிலவறையில் விழுந்து கிடந்தாளாம். பால் கொண்டு வந்த அண்டை வீட்டுக்காரி தரைக்கடியில் தட்டும் சத்தம் கேட்டுப் பலகையைத் தூக்கியிருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் மாவுக்கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. என் பின்னால் வேறு யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேசினாள்.

"உருளைக்கிழங்கு எடுக்க இறங்கினேன். ஏணியில பாதி போகும்போது உச்சந்தலையில ஒரு மூச்சு பட்டுது. நிமிர்ந்து பாத்தேன்."

"அவளா?"

"குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தா. கால் வழுக்கிடுச்சு. கீழ கிடந்து கத்தறேன். அவ மெதுவாப் பலகைய இறக்கி மூடினா."

ஆஸ்பத்திரியின் வெந்நீர்க் குழாய் எங்கோ தட்டியது. அவள் அதற்கே நடுங்கினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் மேல நடந்துக்கிட்டே இருந்தா, அக்கா. பகல் முழுக்க. மேசைய இழுத்தா. அலமாரிய நகத்தினா. கொஞ்ச நேரம் நிப்பா, மறுபடி வேற பக்கம் நகத்துவா. எதை எங்க வெச்சா நல்லா இருக்கும்னு பாக்கற மாதிரி. நான் இருட்டுல கிடந்து கெஞ்சறேன். அவ பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருந்தா."

"வெனேரா. அவ நேத்து முழுக்க என்கூட இருந்தா."

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"அப்படின்னா உங்ககூட இருந்தது யாரு?" என்றாள்.

கடைக்குத் திரும்பியதும் ஜெய்னெப்பைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததை அப்படியே சொன்னேன். நிலவறை என்று நான் சொன்னவுடனே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல தூக்கத்துலதான் போனேன்" என்றாள். "தலைவலின்னு படுத்தேன். அந்த அடுப்பை நெனச்சேன். சூடு கையில பட்டுது. வெனேரா முதுகைக் காட்டி நின்னுட்டிருந்தா. முழிச்சுப் பாத்தா கையில சுண்ணாம்பு."

"அப்புறம்?"

"அப்புறம் வேணும்னே போனேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடுமுறை நாள்ல கண்ணை மூடிப் படுத்துக்குவேன். ரஹாத் நடந்து போற சத்தம் கேக்காது. என் வீட்டுல நிப்பேன். அவ பயந்து திரும்பிப் பாக்கறப்ப நல்லா இருந்துச்சு அக்கா. சீக்கிரம் போயிடுவான்னு நெனச்சேன். ஆனா அவ இளைச்சுப் போனதைப் பாத்ததும் விட்டுட்டேன். சத்தியமா. இப்ப ரெண்டு வாரமா அந்த வீட்டை நெனைக்கறதே இல்ல. அந்தத் தெருவுக்கே போறதில்ல."

"அப்ப நேத்துப் போனது யாரு?"

வெளியே கல்லாவுக்கு முன்னால் யாரோ வந்து நிற்கும் காலடி கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. தரையில் மட்டும் உருகிக்கொண்டிருந்த பனி.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. வெனேரா படுக்கையிலிருந்தே ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு அழுதாள். விட்டுப்போன பக்கத்தில் கையெழுத்து வந்தது. அளவைக்காரர் பனியில் நடந்து வந்து வராந்தாவை அளந்தார். நோட்டரி ஆஸ்பத்திரிக்கே போய் வெனேராவின் கையெழுத்தை வாங்கினாள். வெனேரா மாவுக்கட்டோடு விமான நிலையத்துக்குப் போனாள். துணிமணி எடுக்கக்கூட அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஜெய்னெப் மிர்லானிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு முதல் முறையாக அவளிடம் கோபப்பட்டான். "மூணு மாசமா இந்த வீடு இந்த வீடுன்னு என் உயிரை எடுத்துட்டு, பதிவானதும் வேணாம்ங்கறியே." அதற்குள் ரஹாத் அவர்கள் அறையில் தன் பிள்ளைகளுக்குப் படுக்கை போட்டுவிட்டாள். திரும்பிப் போக இடமில்லை.

குடிபோன அன்று ஆட்டிறைச்சி வேகவைத்து எல்லாரையும் கூப்பிட்டார்கள். வெனேரா நிலவறையில் கிடந்து கேட்டபடியே மேசையும் அலமாரியும் நகர்ந்து, புது இடங்களில் இருந்தன. ரஹாத் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் அடுக்கியிருக்கே" என்றாள். அவள் முகத்தில் பொறாமை வழிந்தது. இத்தனை வருடம் ஜெய்னெப் ஏங்கியது அந்த முகத்தைப் பார்க்கத்தான். அவளோ அலமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் எதையும் தொடல" என்று என் காதில் சொன்னாள். "ஆனா நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்."

டிசம்பர் முழுக்க அவள் கடைக்குச் சீக்கிரம் வந்து தாமதமாகப் போனாள். வீட்டில் என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

"பின்னாடி நிக்கறா அக்கா. நான் காய் நறுக்கும்போது, தலை வாரும்போது. வெனேராவ எப்படிப் பாத்தேனோ அப்படியே என்னைப் பாக்கறா."

"உன் வீடுதானே இப்ப? உன்கிட்ட என்ன கோபம்?"

"அவளுக்குப் பதிவு முடிஞ்சது தெரியல. அவ இன்னும் காத்திட்டிருக்கா."

சொல்லும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. அந்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள், பிறகு என்னிடம் சொன்னாள். மிர்லான் இல்லாத ஒரு பகலில் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை நடுவில் நின்றாள். காலி அறையைப் பார்த்து, "இதோ பாரு. நம்ம பேர்ல வந்தாச்சு. நம்ம வீடுதான். இனிமே போ" என்று சொன்னாள். கணப்பில் கரி சரிந்து விழுந்தது. பிறகு கழுத்துக்குப் பின்னால், முடியின் வேருக்குப் பக்கத்தில், அவளுடைய குரலிலேயே ஒரு கேள்வி வந்தது.

"நம்மன்னா யாரு?"

ஜனவரியில் அவள் தனியாக வீட்டுக்குள் நுழைய மறுத்தாள். மிர்லான் வரும் வரை என் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கடை முடிந்து நாங்கள் சேர்ந்துதான் நடந்தோம். பனி நின்று வானம் நீலமாகக் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் வேன் நின்றது. சமையலறையில் விளக்கு எரிந்தது.

"வந்துட்டார்" என்று நிம்மதியாகச் சொன்னாள் ஜெய்னெப்.

ஜன்னல் வழியே மிர்லான் தெரிந்தான். மேசை முன்னால் உட்கார்ந்து நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் உணவோடு ஏதோ சொல்லிச் சிரித்தான்.

எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகு தெரிந்தது.

ஜெய்னெப் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா. உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியுது."

அந்தப் பெண் கேத்தலை எடுத்து மிர்லானின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். கொஞ்சமாக, பாதிக் கிண்ணம், இன்னும் வேண்டும் என்று கேட்க வைப்பது போல. ஜெய்னெப் அப்படித்தான் ஊற்றுவாள்.

ஜெய்னெப் கையுறையைப் பல்லால் கழற்றி, தொலைபேசியை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். உள்ளே அவன் சட்டைப்பையில் ஒளி தெரிந்தது. எடுத்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். எதிரே இருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் காதில் வைத்தான்.

"வெளிய வாங்க" என்றாள் ஜெய்னெப். "நான்தான். வாசல்ல நிக்கறேன்."

"யாருங்க?" என்றான் மிர்லான். பக்கத்தில் நின்ற எனக்கே அவன் குரல் தெளிவாகக் கேட்டது. "இது எங்க வீட்டம்மா போன். உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"நான்தாங்க. ஜெய்னெப்."

"ஜெய்னெப் என் எதிர்ல உக்காந்திருக்கா."

அப்போது அவள் திரும்பினாள்.

நான் பயங்கரமான எதையோ எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஜெய்னெப்பின் முகம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் அவளிடம் பார்த்தே இராத ஓர் அமைதி அதில் இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறவளின் முகம். வாசலில் யாரோ பிச்சைக்காரி நிற்கிறாள் என்பது போல எங்களைப் பார்த்தாள்.

என் பக்கத்தில், பனியில் நின்றவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் செப்டம்பரில் மரத்தடியில் பார்த்த அதே பார்வை.

நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தபோது மிர்லான் மட்டும் இருந்தான். மேசையில் இரண்டு கிண்ணங்கள். இரண்டிலும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"வாங்க அக்கா" என்றான். "இப்பதான் கரி எடுக்கப் போனா. உக்காருங்க, வந்துடுவா."

ஜெய்னெப் உள்ளே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. என்னோடு சில நாள் இருந்தாள். நானே மிர்லானிடம் போய் எல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் வயதுக்கும் தனிமைக்கும் இரங்குகிறவன் போல, "டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா. நான் வேணா வேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஜெய்னெப் பிஷ்கெக்கில் இருக்கும் தன் சகோதரியிடம் போனாள்.

அங்கிருந்து விவாகரத்துக்கு மனுப் போட்டாள். வீட்டில் தன் பங்கு வேண்டாம், பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றாள். அதுவும் இழுத்துக்கொண்டே போகிறது. நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆள் முகவரியைச் சரிபார்க்க வந்தான். மனைவி கணவனோடு அந்த வீட்டில்தான் வசிக்கிறாள், நேரில் பார்த்தேன், தேநீர் கொடுத்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அண்டை வீட்டுக்காரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிஷ்கெக்கில் இருப்பவள் தான்தான் என்று ஜெய்னெப் இப்போது நிரூபிக்க வேண்டும். அதற்கு என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று அவளுடைய வக்கீலுக்கே தெரியவில்லை.

வாரம் ஒருமுறை என்னைக் கூப்பிடுவாள். ஊர்க்கதை பேசுவாள். கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டே, எப்போதும் அதையே கேட்பாள்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டாங்களா அக்கா?"

வேண்டாம் என்று ஓடியவளுக்கு ஏன் அது என்று நான் கேட்பதில்லை. தெரிந்ததைச் சொல்லுவேன். ஆமாம், ஜன்னல் கதவுக்கெல்லாம் புது நீலம் அடித்திருக்கிறது. ஆமாம், புதுத் திரைச்சீலை. மறுமுனையில் அவள் மூச்சு மட்டும் கேட்கும்.

ஆனால் போன வாரம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் மழை. கடையில் நான் மட்டும் இருந்தேன். மிர்லான் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். கன்னம் உப்பி, நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனாக இருந்தான். ஒரு சீட்டை நீட்டினான். இரும்புச் சத்து மாத்திரை, ஃபோலிக் மாத்திரை.

"மூணாவது மாசம் அக்கா" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்ககிட்டதான் வாங்கணும்னு சொன்னா. நீங்க கோபமா இருக்கீங்களாம், அதான் உள்ள வர வெக்கப்படறா. வண்டியில உக்காந்திருக்கா."

என் கை தானாக மாத்திரைகளை எடுத்துப் பையில் போட்டது. அவன் நன்றி சொல்லிவிட்டு மழையில் ஓடினான்.

வேன் கடைக்கு நேர் எதிரே நின்றிருந்தது. முன் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடி முழுக்க, உள்ளேயிருந்து விட்ட மூச்சில் வெள்ளையாக மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் உள்ளங்கை அதில் பதிந்தது. மெதுவாக, வட்டமாக, பார்ப்பதற்கு வேண்டிய அளவு துடைத்தது.